ஸ்லைட் மூடாத 9 மி.மீ. பிஸ்டல்: ரவையின் நீளத்தை எப்படித் தீர்மானித்தோம்?

மெல்பேர்ணில் இருக்கும் என் சித்தியின் மகன் லைசென்ஸ் எடுத்து, கிளப்பில் உறுப்பினராகி, பல வருடமாக 9 மி.மீ. பிஸ்டலில் போட்டிக்குச் சுடுகிறவன். ரவைகளைக் கடையில் வாங்குவதில்லை, சுட்ட வெற்றுக் கோதுகளை (ரவையின் பித்தளை உறை) பொறுக்கி வந்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடித்து, வெடிமருந்து போட்டு, சன்னம் (குழலால் பறந்து போகும் குண்டு) வைத்துத் தானே கட்டிக்கொள்கிறான். அங்கே அது சட்டப்படியான, சாதாரணமான ஒரு வேலை. நான் கொழும்பில், இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு அறையில் வேலை செய்கிறேன். துப்பாக்கி என் துறை இல்லை, ஆனால் ஒரு துண்டு ஓட்டைக்குள் ஏன் போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் தினசரி வேலை. அதனால்தான் இந்த விவகாரம் என்னிடம் வந்தது. ரவை கட்டுகிறவர்கள் பலர் "எத்தனை மில்லிமீற்றர் வைக்கலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஆபத்து எண்ணில் தெரிவதில்லை. அதற்காகத்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. கீழே வரும் சோதனைகள் எல்லாம் அங்கே, லைசென்ஸ் உள்ளவன் கையால் நடந்தவை. நான் இங்கிருந்து எண்களையும் படங்களையும் பார்த்தேன், கணக்குப் போட்டேன், ஒரு வளையம் செய்து அனுப்பினேன், அவ்வளவுதான்.

நடந்தது என்ன

அவன் வழக்கமாகப் பாவித்தது 124 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ள, உருண்டை மூக்குச் சன்னம். ரவையின் மொத்த நீளம் 28.80 மி.மீ. வைத்துக் கட்டுவான், ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. கடையில் அந்தச் சன்னம் முடிந்துவிட, அதே எடையில் தட்டை மூக்குச் சன்னம் வாங்கினான். ஈயத்தின் மேல் வண்ணப்பூச்சு ஏற்றிய வகை. எடை ஒன்று, விட்டம் ஒன்று, ஆகவே டையை (சன்னத்தைக் கோதுக்குள் அமுக்கும் அச்சு) மாற்றியமைக்காமல் அதே 28.80இல் ஒரு தொகுதி கட்டிவிட்டான்.

கிளப்பில் முதல் ரவையிலேயே ஸ்லைட், அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பிஸ்டலின் மேற்பகுதி, முழுதாக மூடாமல் நின்றுவிட்டது. இழுத்து எடுத்தால் கோது மட்டும் கையோடு வந்தது, சன்னம் குழலில் இறுகி நின்றது, மருந்து முழுக்கப் பிஸ்டலுக்குள் கொட்டுண்டது. இது சின்ன விஷயம் இல்லை. குழலில் சன்னம் சிக்கியிருப்பதைக் கவனிக்காமல் அடுத்ததை ஏற்றிச் சுட்டால் குழலே வெடிக்கலாம். அவன் கவனமானவன், அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் செய்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஸ்லைட் மூடும்வரை சன்னத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு போய், 26.90இல் சரிவந்ததும் ஒரு பெட்டி நிறையக் கட்டிவிட்டான். மருந்தின் அளவில் கை வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சுடுவதாக இருந்தவன், அதற்கு முன் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னான்: "இப்ப வடிவா மூடுது அக்கா, நீளத்தைத்தான் குறைச்சனான், மற்றதெல்லாம் அப்பிடியே." ஒன்றையும் சுட வேண்டாம், முதலில் சன்னத்தின் நீளத்தையும் கோதின் நீளத்தையும் தனித்தனியே அளந்து அனுப்பு என்றேன்.

மொத்த நீளம் மறைப்பது எதை

ரவையின் மொத்த நீளம் என்பது கோதின் அடியிலிருந்து சன்னத்தின் நுனி வரை. வேர்னியர் அளவுகோலில் உடனே அளக்கலாம், அதனால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். ஆனால் பிஸ்டலுக்கு உள்ளே நடக்கும் இரண்டு முக்கியமான காரியங்களில் ஒன்றையும் அந்த எண் நேராகச் சொல்வதில்லை. குழலில் புரி (சன்னத்தைச் சுழலவைக்கும் சுருள் வரிகள்) தொடங்கும் இடத்தில் முதலில் முட்டுவது சன்னத்தின் நுனி இல்லை, அதன் தோள், அதாவது முழு விட்டம் முடிந்து மூக்கு ஒடுங்கத் தொடங்கும் இடம். மருந்து எரியும்போது அமுக்கத்தைத் தீர்மானிப்பது சன்னத்தின் அடி கோதுக்குள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது. ஒன்று முன்னால், மற்றது பின்னால், நாம் அளப்பதோ நுனியை.

உருண்டை மூக்குச் சன்னத்தில் தோள் நுனியிலிருந்து நன்றாகப் பின்தள்ளி இருக்கும், அதனால் ரவை நீளமாக இருந்தாலும் புரியில் முட்டாது. தட்டை மூக்கில் தோள் நுனிக்கு மிகக் கிட்ட இருக்கும். அதே மொத்த நீளத்தில் வைத்தால் தோள் முன்னுக்குப் போய்ப் புரியில் இடித்து நிற்கும். அவனுடையது செக் நாட்டு சீ-இசட் பிஸ்டல். அந்த வகையில் அறைக்கும் (குழலின் பின்பக்கத்தில் ரவை உட்காரும் இடம்) புரிக்கும் இடையிலான இடைவெளி குறைவு என்பது ரவை கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது குறை இல்லை, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், ஆனால் வேறு பிஸ்டலுக்குச் சரிவரும் நீளம் அதற்குச் சரிவராது.

அமெரிக்காவின் சாமி (SAAMI, துப்பாக்கி, ரவை உற்பத்தியாளர்களின் தரநிலை அமைப்பு) தரநிலையில் 9 மி.மீ. லூகர் ரவையின் உச்ச நீளம் 29.69 மி.மீ. என்று இருக்கிறது, குறைந்தது 25.40. ஜோர்ஜ் லூகர் இந்த ரவையை வடிவமைத்து 120 வருடத்துக்கு மேலாகிறது, உலகில் எத்தனையோ கொம்பனிகள் இதற்குப் பிஸ்டல் செய்கின்றன, 29.69 என்பது அவை எல்லாவற்றின் ரவைக்கூட்டுக்குள்ளும் (மகசீன்) அடங்க வேண்டிய எல்லை. அதைவிடச் சிறியதாக இருந்தால் உன் பிஸ்டலுக்குச் சரி என்று அதற்குப் பொருள் இல்லை. ரவை கட்டும் கைநூல்களில் ஒவ்வொரு சன்னத்துக்கும் எதிரே போட்டிருக்கும் நீளமும் அப்படித்தான்: அந்தச் சன்னத்தை, அவர்களுடைய சோதனைக் குழலில் சுட்டபோது வைத்த நீளம் அது. வேறு கொம்பனியின் சன்னத்துக்கு அதை அப்படியே எடுத்துப் போட முடியாது.

ஆழத்தின் கணக்கு

அவன் அனுப்பிய அளவுகள் இவை. கோதின் சராசரி நீளம் 19.05 மி.மீ. (தரநிலையின் உச்சம் 19.15). பழைய உருண்டைச் சன்னத்தின் நீளம் 14.80. புதிய தட்டைச் சன்னத்தின் நீளம் 13.70. கோதின் நீளத்தோடு சன்னத்தின் நீளத்தைக் கூட்டி, அதிலிருந்து ரவையின் மொத்த நீளத்தைக் கழித்தால் சன்னம் உள்ளே இறங்கியிருக்கும் ஆழம் வரும். இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது, ஆனால் போடுகிறவர்கள் குறைவு.

பழைய ரவையில்: 19.05 + 14.80 - 28.80 = 5.05 மி.மீ. ஆழம். புதுச் சன்னத்தை அதே 28.80இல் வைத்தபோது 3.95. அதாவது தோள் கோதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, புரியில் முட்டாமல் என்ன செய்யும். பிறகு ஸ்லைட் மூடும்வரை அமுக்கி 26.90க்கு வந்ததும் ஆழம் 5.85. பழைய ரவையைவிட 0.80 மி.மீ. கூடுதல்.

0.80 மி.மீ. என்றால் என்ன என்று கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். கணக்கில் பாருங்கள். 9 மி.மீ. கோதின் மொத்தக் கொள்ளளவு 0.862 கன சென்ரிமீற்றர். அவனுடைய சன்னத்தின் விட்டம் 9.04, அப்படியானால் ஒவ்வொரு மில்லிமீற்றர் ஆழமும் சுமார் 64 கன மில்லிமீற்றர் இடத்தை எடுத்துக்கொள்ளும். பழைய ரவையில் மருந்துக்கு மிஞ்சிய இடம் சுமார் 538 கன மி.மீ., அவன் பெட்டி நிறையக் கட்டி வைத்ததில் சுமார் 486. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இடம் போய்விட்டது, மருந்து அதே மருந்து, அதே அளவு.

இடம் பத்தில் ஒன்று குறைந்தால் அமுக்கமும் பத்தில் ஒன்றுதான் கூடும் என்று நினைக்கக்கூடாது. பிஸ்டல் மருந்து வேகமாக எரிவது, அமுக்கம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அந்த வேகம் அமுக்கத்தை இன்னும் ஏற்றும். அமெரிக்காவின் ஸ்பீர் நிறுவனம் இதைச் சோதித்துத் தன் கைநூலில் போட்டிருந்தது: 9 மி.மீ. ரவையில் சன்னத்தை வேண்டுமென்றே 0.030 அங்குலம், அதாவது 0.76 மி.மீ., கூடுதலாக உள்ளே இறக்கியபோது அமுக்கம் 28,000 சி.யு.பி.யிலிருந்து (ரவையின் அமுக்கத்தை அளக்கும் ஓர் அலகு) 62,000க்குப் போனது. இரு மடங்குக்கும் மேல். தம்பியின் பெட்டியில் இருந்த வித்தியாசம் அதைவிடவும் 0.04 மி.மீ. கூட. எல்லா மருந்திலும் எல்லாச் சன்னத்திலும் அதே அளவு ஏறும் என்று இல்லைதான், ஆனால் எந்தப் பக்கம் ஏறும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் இந்த எண்ணை அனுப்பியதும் அவனிடமிருந்து கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. பிறகு "எல்லாத்தையும் கழட்டுறன் அக்கா" என்று மட்டும் வந்தது. சன்னம் கழற்றும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சன்னம் 12.90 மி.மீ. நீளமுள்ளதாக இருந்திருந்தால், ரவையை 26.90இல் வைத்தாலும் ஆழம் 5.05தான், பழைய ரவையோடு சரிசமம். பார்வைக்கு கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீற்றர் கட்டையான ரவை, உள்ளே அதே இடம். ஆகவே "கட்டையாக வைத்தால் ஆபத்து" என்பதும் முழு உண்மை இல்லை. மொத்த நீளத்தை மட்டும் வைத்து இரண்டு வேறு சன்னங்களை ஒப்பிடவே கூடாது.

குழலிடம் கேட்பது

எல்லாவற்றையும் கழற்றிய பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். பிஸ்டல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, குழலைத் தனியே கழற்றி மேசையில் வைத்தான். மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி ரவை ஒன்றை வேண்டுமென்றே நீளமாகக் கட்டினான். குழலின் வாயைக் கீழே பிடித்து, பின்பக்கத்தால் ரவையைப் போட வேண்டும். சரியான ரவை "டொக்" என்று விழும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றும், குழலைக் கவிழ்த்தால் தன் பாரத்திலேயே வெளியே வரும். மூன்றும் நடக்க வேண்டும். விழுந்தது ஆனால் சுற்றவில்லை என்றால் தோள் புரியைத் தொடுகிறது. சுற்றியது ஆனால் கவிழ்த்தால் வரவில்லை என்றால் அதுவும் பிழை. 0.1 மி.மீ. வீதம் இறக்கிக்கொண்டே போனதில் அவனுடைய குழலில், இந்தச் சன்னத்துக்கு, 27.35இல்தான் மூன்றும் நடந்தன.

அந்த 27.35ஐ அப்படியே எடுக்கவில்லை. கோதின் நீளம் ஒன்றுக்கொன்று மாறும், ரவை கட்டும் பிரெஸ்ஸின் தட்டு கொஞ்சம் சாயும், சுட்டுக்கொண்டே போனால் குழலில் கரி படியும். 0.35 கழித்து 27.00 என்று வைத்தோம். அதில் ஆழம் 5.75. இன்னும் குறைக்கலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். குழல் இடம் தருகிற அளவுக்கு நீளமாக வைப்பதுதான் என் கட்சி, ஏனென்றால் மருந்துக்குக் கிடைக்கும் இடம் அதில்தான் கூட. அதோடு கோதின் சுவர் அடிப்பக்கம் போகப் போகத் தடிக்கும், சன்னத்தை மிக ஆழமாக அமுக்கினால் அந்தத் தடித்த இடத்தில் கோது வெளியே புடைத்துவிடும்.

ரவைக்கூட்டில் இந்த நீளம் பிரச்சினையே இல்லை. டம்மிகளை நிரப்பி ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டுப் பார்த்தான், ஒழுங்காக ஏறின. ஏறிய டம்மியை மறுபடி அளந்து பார்க்கச் சொன்னேன், இதைப் பலர் செய்வதில்லை. ஸ்லைட் ரவையைக் குழலுக்குள் தள்ளும்போது மூக்கு போய் இடிக்கும், கோதின் பிடி தளர்வாக இருந்தால் அந்த இடியிலேயே சன்னம் உள்ளே இறங்கிவிடும். கட்டும்போது 27.00 இருந்தது சுடும்போது 26.50 ஆகியிருந்தால் இவ்வளவு கணக்கும் வீண். அவனுடையது அசையவில்லை.

அளவு சரி, ஆனாலும் இறுகியது

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 27.00இல் கட்டிய புதுத் தொகுதியை ஒவ்வொன்றாகக் குழலில் போட்டுப் பார்த்தபோது பெரும்பாலானவை விழுந்தன, சில மட்டும் இறுகின. "அளவெல்லாம் 0.05க்குள்ளதான் நிக்குது அக்கா, பிறகேன் சிலது மட்டும் இறுகுது?"

இறுகியவற்றை மார்க்கர் பேனாவால், சன்னத்தின் தோளிலிருந்து கோதின் அடி வரை, கறுப்பாகப் பூசிவிட்டுக் குழலில் போட்டு மெல்லச் சுற்றி எடுக்கச் சொன்னேன். மை எங்கே சுரண்டுப்பட்டிருக்கிறதோ அங்கேதான் தடை. படங்கள் வந்தன. சிலவற்றில் கோதின் வாயைச் சுற்றி முழு வளையமாக மை போயிருந்தது: சன்னம் வைப்பதற்காக விரித்த வாய் திரும்ப ஒழுங்காக ஒடுக்கப்படவில்லை. அது நீளத்தின் பிழையே இல்லை, ஒடுக்கும் டையைச் சிறிது இறக்கியதும் வாயின் விட்டம் 9.65க்குள் வந்து தீர்ந்துவிட்டது. இந்த ரவை அறைக்குள் நிற்பதே கோதின் வாய் விளிம்பில்தான், ஆகவே ஒரேயடியாக ஒடுக்கவும் கூடாது. மற்றச் சிலவற்றில் சன்னத்தின் தோளில் இடைவெளி விட்டு விட்டுச் சிறு கீறல்கள், புரியின் மேடுகள் பட்ட இடங்கள். அதாவது மொத்த நீளம் 27.00 சரியாக இருந்தும் தோள் முன்னுக்கு நிற்கிறது.

தோளை அளக்க ஒரு வளையம் வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். பஞ்சிகாவத்தைப் பக்கம் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே இரும்பில் 10.00 மி.மீ. தடிப்பில், நடுவே 8.60 ஓட்டையோடு ஒரு வளையம் கடைந்து தரச் சொன்னேன். அதைச் சன்னத்தின் மூக்கில் போட்டால் தோளுக்குக் கிட்டப் போய் உட்காரும், கோதின் அடியிலிருந்து வளையத்தின் மேல்முகம் வரை அளந்து பத்தைக் கழித்தால் தோள் நிற்கும் இடம் தெரியும். பட்டறை மாஸ்டருக்கு எழுபது வயதிருக்கும், என்ன வேலைக்கு என்று கேட்காமல் எதையும் கடைய மாட்டார். விவகாரத்தை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தக் குண்டை உள்ளுக்குத் தள்ளுறது எந்த இடத்தில பட்டு மகள்?" என்றார். நுனியில் படும் என்றேன். "முட்டுறது தோளில, தள்ளுறது நுனியில. அப்ப நுனி மட்டும்தான் ஒழுங்கா வரும். தோளில பிடிச்சுத் தள்ளச் சொல்லுங்க."

விஷயம் அதுதான். அவனுடைய டையில் அமுக்கும் தண்டின் முகம் தட்டை, அது சன்னத்தின் தட்டை நுனியில் பட்டுத் தள்ளுகிறது. ஆகவே நுனி எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும், வேர்னியர் 27.00 என்று காட்டும். ஆனால் வார்த்துப் பூச்சு ஏற்றிய சன்னங்களில் நுனிக்கும் தோளுக்கும் உள்ள தூரம் ஒன்றுக்கொன்று மாறும், அந்த மாற்றம் முழுவதும் தோளில் போய் விழுந்திருக்கிறது. வளையம் போய்ச் சேர்ந்ததும் அளந்தான்: மொத்த நீளம் 0.05க்குள் நின்ற அதே ரவைகளில் தோள் 0.4 மி.மீ. வரை ஆடியது. நாங்கள் விட்ட 0.35 இடைவெளியைச் சில சன்னங்கள் முழுதாகத் தின்றுவிட்டன.

தண்டை மாற்றினான், குழிந்த முகம் உள்ளதைப் போட்டான், அது தோளுக்குக் கிட்ட மூக்கின் சரிவைப் பிடித்துத் தள்ளும். இப்போது மொத்த நீளம் முன்னைவிடக் கூடவே ஆடுகிறது, 26.85இலிருந்து 27.15 வரை, ஆனால் தோள் 0.08க்குள் நிற்கிறது, எல்லாம் விழுகின்றன. வேர்னியரில் மோசமாகத் தெரியும் தொகுதிதான் குழலுக்கு நல்ல தொகுதி. இதை ஏற்றுக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

மருந்து

எத்தனை கிரெய்ன் என்பதை எழுதப்போவதில்லை, அது அந்த மருந்துக்கும் அந்தச் சன்னத்துக்கும் உரிய கைநூலில் பார்க்க வேண்டிய விஷயம். செய்த முறையை மட்டும் சொல்கிறேன். பழைய அளவை மறந்துவிட்டு, கைநூலின் ஆரம்ப அளவுக்கு இறங்கி, வேகமானி வைத்துச் சிறிது சிறிதாக ஏறினான். அவன் சுடும் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச பிஸ்டல் சுடுதல் அமைப்பு) போட்டியில் சன்னத்தின் எடையை கிரெய்னிலும் வேகத்தை அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125க்குக் குறையக்கூடாது. 124 கிரெய்னுக்கு வினாடிக்கு 1,010 அடி போதும், கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று 1,040 வைத்தான், அதில் 128.96 வரும். அந்த வேகம் பழைய ரவைக்குப் போட்டதைவிடக் குறைந்த மருந்திலேயே வந்துவிட்டது. ஆழம் கூடியதால் அமுக்கம் கூடுகிறது என்று காகிதத்தில் போட்ட கணக்கு வேகமானியில் அப்படியே தெரிந்தது. பழைய மருந்தோடு அந்த முதல் பெட்டியைச் சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு விருப்பமில்லை.

இப்போது அவனுடைய பெட்டிகளின் மேல் ஒட்டும் துண்டில் மொத்த நீளத்தோடு ஆழமும், வளையத்தின் அளவும், எந்தக் குழலுக்கு என்பதும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் கிளப்பில் அவனுடைய நண்பர் ஒருவரின் பிஸ்டலில் புரி இன்னும் முன்னால் தள்ளித் தொடங்குகிறது, அவர் அதே தட்டைச் சன்னத்தை 28.20இல் வைத்துக் கட்டுகிறார். தம்பியின் ரவை அவருடைய குழலில் நன்றாக விழும். அவருடையது இவனுடைய குழலில் இறுகும்.